ரத்தம் வராத ஈறு

"எனக்கு ஈறுல ரத்தமே வராதும்மா."

என் சர்வீஸ் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. பீடி குடிக்கிறவர், சிகரெட் குடிக்கிறவர், சுருட்டு குடிக்கிறவர் என்று யார் வந்து நாற்காலியில் சாய்ந்தாலும் முதல் பேச்சு இதுதான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சபாஷ் போட வேண்டுமாம். சபாஷாவது மண்ணாவது! புகை பிடிக்கிறவர் ஈறில் ரத்தம் வராமல் இருப்பது ஆரோக்கியமே இல்லை. புகையில் இருக்கிற நிகோடின், ஈறுக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். வெளியே ஈறு வெளிறி, கெட்டியாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். மற்றவர்களுக்கு ஈறு கெட்டால் பல் தேய்க்கும்போதே ரத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். இவர்களுக்கு அப்படிக் காட்டிக்கொடுக்கவும் ஆள் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. புரிந்துகொண்டவர்கள் உண்டு. என் வீட்டில்தான் புரியவில்லை.

நான் பல் ஆஸ்பத்திரியில் ஹைஜீனிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பல்லைப் பிடுங்குவது, அடைப்பது எல்லாம் டாக்டர் வேலை. பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது, கறை எடுப்பது, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது, எப்படித் தேய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஹைஜீனிஸ்ட் என்ற பெயர் எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. 'பல்லு நர்சு' என்பார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் டாக்டருக்கு வயதாகி, இப்போது அவர் மகன் ஆஸ்பத்திரியை நடத்துகிறார். வாசலில் பெரிய போர்டு. அதில் ஒரு பையன் முப்பத்திரண்டையும் காட்டி இளிக்கிறான். ஒரே தடவையில் பல்லை முத்து மாதிரி ஆக்கித் தருவார்களாம். மாலையில் போய்ப் பார்த்தால் புகை பிடிக்கிற இளவட்டங்கள்தான் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கறையை வெளுத்துக்கொண்டு போய் மறுபடியும் ஊதலாம், எவ்வளவு வசதி! அங்கே வேலை பார்க்கும் பெண்கள் போன வாரம் போன் போட்டு, "அக்கா, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதித் தாங்க. புகையிலை எதிர்ப்பு நாளுக்கு வாசிக்கணும். கொஞ்சம் ஜாலியா எழுதுங்க" என்றார்கள். ஜாலியாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருக்கிறதை எழுதுகிறேன். வாசிப்பதும் வாசிக்காததும் அவர்கள் பாடு.

மதுரையில் படித்தேன். பிளாஸ்டர் பல்லில் பழகினோம், பிறகு ஒருவர் வாயை ஒருவர் சுத்தம் செய்து பழகினோம், பிறகு மனிதர்கள் வந்தார்கள். படிப்பு முடிந்ததும் இராஜபாளையத்தில் கல்யாணம் ஆனது, அங்கேயே வேலையும் கிடைத்தது. டாக்டர் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாலையில் இராஜபாளையத்திலும் உட்காருவார். நானும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் அங்கும் இங்கும் அலைந்தேன்.

டாக்டர் அதிகம் பேச மாட்டார். கை கழுவிவிட்டு, நோயாளிக்குப் பின்னால் போய் நிற்காமல், முதலில் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். ஊர், வேலை, என்ன சாப்பிட்டார் என்று கேட்பார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "உங்க வாய நீங்களே ஒரு தடவ பாருங்க" என்பார். பலரும் தங்கள் கடைவாயை அன்றைக்குத்தான் பார்ப்பார்கள். பிறகுதான் விளக்கைத் திருப்புவார். நான் சேர்ந்த புதிதில், மில்காரர் ஒருவர் வாயில் இருந்த தார் மாதிரிக் கறையைப் பார்த்துவிட்டு, சுரண்டிக்கொண்டே அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அந்த ஆள் போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, வாயைத் திறந்து வச்சிருக்கிறவரால பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாதவர திட்டக் கூடாது. சொல்றதெல்லாம் அவர் எந்திரிச்சு உக்காந்து, வாய் கொப்பளிச்ச பிறகு சொல்லு."

அன்றிலிருந்து நாற்காலி சாய்ந்திருக்கும்போது நான் யாரையும் திட்டியது கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நாள் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை இப்படித்தான் நடக்கும். நுனியில் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. புரோப் என்போம். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினால் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். நல்ல ஈறு என்றால் ரெண்டு, மூணு மில்லிமீட்டரில் நின்றுவிடும். அதற்கு மேல் இறங்கினால் அங்கே பை விழுந்திருக்கிறது, எலும்பு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் ஒவ்வொரு பல்லாகச் சுற்றிவந்து எண்களைச் சொல்லுவார், நான் எழுதுவேன். மற்றவர்களுக்கு ஆழமான இடத்தில் கம்பி பட்டதும் சிவப்பாகக் கசியும். புகை பிடிக்கிறவருக்குக் கம்பி ஏழு மில்லிமீட்டர் இறங்கினாலும் பொட்டு ரத்தம் வராது. முதல்முதலில் அதைப் பார்த்தபோது கம்பி சரியான இடத்தில்தான் இறங்கியதா என்று குனிந்து பார்த்தேன்.

பிறகு ஸ்கேலிங். மெஷினில் இருந்து தண்ணீர் பீய்ச்சும், நுனி அதிரும், காரை பொடிப்பொடியாகப் பெயரும். பீடிக்காரர் வாய் என்றால் அந்தத் தண்ணீர் பட்டதும் பழைய புகை நாற்றம் கிளம்பி மாஸ்க்கைத் தாண்டி வரும். கீழ் முன்பல்லின் பின்பக்கத்தில்தான் கறை அடையாக இருக்கும். அது மெஷினுக்கும் சட்டென்று போகாது, கையால் சுரண்ட வேண்டும். எங்கள் ஊரில் நெய்கிற, காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணியைச் சின்னச் சின்னதாக மடித்து வைத்திருப்பேன். துடைக்கத் துடைக்க அது காப்பிப் பொடி நிறத்தில் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் முடிந்து பசையைப் பூசி மெருகேற்றினால் பல் பளிச்சென்று ஆகிவிடும். அந்தப் பளிச்சுதான் மோசம். பல் வெள்ளையானதும் வியாதியே போய்விட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

இதிலும் கல்யாண சீசன் என்று ஒன்று உண்டு. சேத்தூரில் இருந்து ஒரு அம்மா மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"நர்சம்மா, வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறோம். அவிய ரொம்பக் கண்டிசனான குடும்பம். பல்லுல கறுப்புத் தெரிஞ்சா காரியம் கெட்டுரும். எப்படியாச்சும் எடுத்து விட்ருங்கம்மா."

"பீடிய விடச் சொல்லுங்களேன்மா."

"அது கல்யாணம் முடிஞ்சா தன்னால விட்ருவான். வாரவ பாத்துக்கிடுவா."

வருகிறவள் பார்த்துக்கொள்வாளாம். பெற்றவளால் முடியாததை வருகிறவள் எப்படி முடிப்பாள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். வண்டியை விற்பதற்கு முன்னால் வாட்டர் சர்வீஸ் விடுகிற மாதிரி அந்தப் பையன் பல்லைக் கழுவி அனுப்பினேன். படி இறங்கித் தெருவுக்குப் போனதும் முதல் காரியமாக அவன் ஒன்றைப் பற்றவைத்தான். அம்மாக்காரி பக்கத்திலேயே நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தையிலும் ஒவ்வொரு ஆவணியிலும் எத்தனையோ மாப்பிள்ளைகள் இப்படி வந்தார்கள். அந்தப் பெண்களில் யாராவது ஒருத்தி என்றைக்காவது வந்து என் சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஒருத்தியும் வரவில்லை. பழகிப்போயிருப்பார்கள், நான் பழகியது மாதிரி.

நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வன்னியம்பட்டி விவசாயி ஒருவர் வந்தார். பல் ஆடுகிறது என்றார். டாக்டர் அவரை எழுப்பி உட்காரவைத்துச் சொன்னார்: "பீடிய விட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல ஈறுல ரத்தம் வர ஆரம்பிக்கும். பயந்துராதீங்க. இறுகிக் கெடந்த ரத்த ஓட்டம் திரும்பி வருதுன்னு அர்த்தம். உள்ள இருந்த புண்ணு அப்பத்தான் வெளிய தெரியும். நாங்க சுத்தம் பண்ணப் பண்ண அந்த ரத்தமும் நின்னுரும். ரத்தம் வந்தா அன்னைக்கே இங்க வாங்க." அவர் சொன்னபடியே விட்டார். ரத்தம் வந்தது. வெளிறிப்போய் முதல் பஸ்ஸில் ஓடி வந்தார். சுத்தம் செய்தோம், தேய்க்கிற முறையைச் சொல்லிக்கொடுத்தோம், ரத்தம் நின்றது, பல் இறுகியது. இன்றைக்கும் அவர் கரும்பு கடிக்கிறார். ஆக வழி இருக்கிறது. நான் படித்த படிப்பு பொய் இல்லை. இதை நான் எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது தெரியுமா?

இனி என் வீட்டுக் கதை. என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். மில்லுக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது, பஞ்சில் பொறி பட்டால் மில்லே போய்விடும். கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அதனால் ஷிப்டு முழுக்க அடக்கிவைத்ததை எல்லாம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரே மூச்சில் தீர்ப்பார்கள். ஒன்று முடிவதற்குள் அதன் நெருப்பிலேயே அடுத்தது. கேட்டால் காரணமும் வைத்திருப்பார்கள்.

"பஞ்சுத் தூசி தொண்டையில படியுதுல்லா, பீடிதான் அத அறுத்து வெளிய எடுக்கும்" என்பார் இவர். மில்லில் அத்தனை பேரும் சொல்வது இதுதான்.

பல்லைப் பற்றி அவருக்குப் பெரிய கர்வம். சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பார். நான் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவேன். "ஊரான் வாயில விட்ட கைய என் வாயில விடப் போறியா? போடி!" என்று சிரிப்பார். "ஒங்க டாக்டர் வந்து என் பல்லப் பாத்தாருன்னா கடைய மூடிட்டுப் போயிருவாரு. ஒரு சொட்டு ரத்தம் வந்திருக்கா இதுவரைக்கும்?" ஆக, ஊரெல்லாம் சொல்கிற அந்த வாக்கியத்தை நான் வீட்டுக்கு வந்தும் கேட்டேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு அவருடைய மேல் முன்பல் இரண்டும் விலக ஆரம்பித்தன. நடுவில் சந்து விழுந்தது. பல் கொஞ்சம் நீண்டு முன்னால் வந்தது. எனக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. சொன்னால் கேட்டால்தானே? கடைசியில் யாரோ கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில் தன் சிரிப்பைப் பார்த்துவிட்டு அவராகவே ஒரு நாள், "செத்த நேரம் வாரேன், ஒங்க டாக்டர் என்னதான் சொல்லுதாருன்னு பாப்போம்" என்றார். எனக்குச் சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

டாக்டர் புரோப்பைப் பிடித்துச் சுற்றிவந்தார். நான் எழுதினேன். மேல் முன்பல்லின் உள்பக்கம், ஆறு. அடுத்தது ஏழு. கடைவாய், ஆறு. எத்தனையோ பேர் வாய்க்கு எழுதிய கைதான், அன்றைக்கு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை கேட்டு எழுதினேன். ஓர் இடத்திலும் ரத்தம் இல்லை. டாக்டர் நாற்காலியை நிமிர்த்திவிட்டு, வன்னியம்பட்டிக்காரரிடம் சொன்னதை அப்படியே சொன்னார். பீடியை விட்டுவிட்டு, விடாமல் சுத்தம் செய்தால் முக்கால்வாசிப் பல்லைக் காப்பாற்றலாம் என்றார். விடாவிட்டால் ஒன்றுவிடாமல் போகும் என்றார். "விட்டதும் ரத்தம் வரும். கேட்டீங்களா? வரும். அதுக்குப் பயந்துராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். இவரும் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் நான் மூன்றாம் தடவை சொன்னேன்.

அவரும் விட்டார். மனதார விட்டார், அதை மறைக்க மாட்டேன். டீக்கடைப் பக்கம் போகாமல் பின் ரோடு வழியாக வீட்டுக்கு வந்தார். கை பரபரவென்று இருக்கும், எரிந்து விழுவார், கடலை மிட்டாயாக வாங்கித் தின்பார். நான் ஆஸ்பத்திரியில் அவர் வாயைத் தொட்டு இரண்டு தடவை ஆழமாகச் சுத்தம் செய்தேன். கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டது அப்போதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம், மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரத்தம் வந்தது. காலையில் தேய்க்கும்போது நுரை சிவப்பாக வந்தது. தலையணை உறையில் ஒரு பொட்டு இருந்தது. கொய்யாவைக் கடித்தால் கடித்த இடம் சிவந்தது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. சொல்லியிருக்கிறார்களே என்று நான் சொன்னால், "சொன்னாரு, ஆனா இம்புட்டா வரும்?" என்பார். என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். மகன் துப்பியதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"ஏட்டி, கல்லு மாதிரி இருந்த பல்லு! பீடி குடிக்கையில ஒரு நாளு ரத்தம் பாத்திருப்பானா எம்மவன்? நீ போயி கம்பிய விட்டுக் குத்திக் கிண்டி இப்படி ஆக்கிப்புட்டியே!"

"அத்தை, ரத்தம் வருதது நல்லதுக்குத்தான். உள்ள இருந்த புண்ணு ஆறுது."

"ரத்தம் வருதது நல்லதா? எந்த ஊரு நாயம்ட்டி இது?"

கேட்கிற யாருக்கும் அவர் பேச்சுதான் நியாயமாகப் படும். மில்லிலும் கூட்டாளிகள் விடவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்புச் சூடு எங்கே போகும், அதுதான் ஈறு வழியாக வெளியே வருகிறது என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ரத்தம் வருகிறதே என்று இவர் பிரஷ்ஷையும் தொடாமல் விட்டார். தேய்க்காததால் இன்னும் வந்தது.

மூன்றாவது சுத்தத்துக்கு ஒரு நாள் சொல்லியிருந்தோம். கருவிகளை எல்லாம் அவித்து எடுத்து, துணி விரித்து வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஷிப்டு முடிந்த சங்கு கேட்டது. அவர் வரவில்லை. டாக்டர் வந்து காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்குப் போனால் வாசலிலேயே பீடி நாற்றம். ஆள் முற்றத்தில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு தெளிச்சி, கண்டம் தப்பிய மாதிரி.

"ஏட்டி செல்வி, இங்க வா. பாரு." நன்றாக இழுத்துக் காறித் தரையில் துப்பிக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. "நின்னுபோச்சு பாத்தியா! ரெண்டு நாளாக் குடிக்கேன். அம்புட்டும் நின்னுபோச்சு. மருந்து இதுலதான்ட்டி இருக்கு. நீயும் ஒங்க டாக்டரும் சேந்து என்னய கொல்லப் பாத்தீகளே!"

"அது நிக்கலைங்க, அடச்சிருக்கு. மறுபடியும் இறுக்கிப் பிடிச்சிருக்கு. இப்ப வந்தீங்கன்னாக்கூட..."

"கண்ணால பாத்ததச் சொல்லுதேன், நீ படிச்சதச் சொல்லுத. போடி."

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுத? அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. விட்டார், ரத்தம் வந்தது. குடித்தார், நின்றது. அவர் பார்த்தது அவ்வளவும் நிஜம். நிஜத்தை வைத்துக்கொண்டே ஒரு மனிதன் இப்படித் தப்பான முடிவுக்கு வருவான் என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? மாமியார் உள்ளே இருந்து, "நின்னுச்சா சாமி, நல்லதாப் போச்சு" என்றார். அதற்குப் பிறகு பல வருஷம் என் வீட்டுக்காரர் பல் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட என் தலையெழுத்து என்று இருந்திருப்பேன். முடியவில்லை. கொஞ்ச காலம் கழித்து மாலை நேரத்தில் ஒரு நடுவயதுக்காரர் வந்தார். வேறு ஷிப்டு மில் தொழிலாளி, எனக்குப் பழக்கமில்லாதவர். ஆறு மில்லிமீட்டர் பை, பொட்டு ரத்தமில்லாத ஈறு. நான் பாதி சுத்தம் செய்து, கொப்பளிக்கச் சொல்லி நிமிர்த்தினேன். பீடியைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நர்சம்மா, நீங்க சொல்லுவிய. ஆனா எங்க மில்லுல ஒரு ஃபிட்டரு இருக்காரு. அவரு சம்சாரமே பல்லாஸ்பத்திரியில நர்சாம். அவ பேச்சக் கேட்டுப் பீடிய விட்டாரு. கொடகொடன்னு ரத்தம். பெரிய டாக்டரு பாத்தும் நிக்கல. பொறவு பீடி குடிச்சாரு, ரெண்டே நாள்ல நின்னுபோச்சு. நர்சு வீட்டுலயே இதுதான் நெலம. நாங்க எம்மாத்திரம்? அதக் கேட்டு, பீடிய விட்டிருந்தவன் நாலு பேரு திரும்பக் குடிக்க ஆரம்பிச்சுட்டான்."

சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாகச் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டார். அந்த நர்சு நான்தான் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாய் திறந்திருந்தது, டாக்டர் சொன்ன பாடம் குறுக்கே நின்றது. சுரண்டினேன். கண்ணில் தண்ணீர் வந்து பாதுகாப்புக் கண்ணாடி மங்கிப்போனது. டாக்டர் அடுத்த நாற்காலியில் இருந்தார், அவர் காதிலும் விழுந்திருக்கும். வந்து என் கையில் இருந்து ஸ்கேலரை வாங்கி மீதியை அவரே முடித்தார். முடித்து எழுப்பி உட்காரவைத்து, "அந்த ஃபிட்டர எனக்குத் தெரியும். அவருக்கு ரத்தம் நின்னுச்சு, வியாதி நிக்கல. கொஞ்ச வருசம் கழிச்சு அவர் பல்லப் பாத்துட்டு எங்கிட்ட வாங்க" என்றார்.

அந்த ஆள் சிரித்துவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வாயில் இந்தக் கதை எனக்கே திரும்பி வந்தது. ஒருவர் சொன்னதில் நர்சு டாக்டரம்மாவாகியிருந்தாள். இன்னொருவர் சொன்னதில் ஃபிட்டருக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. நான் வாய் வலிக்க வலிக்க ஒரு பக்கம் விடச் சொல்லிக்கொண்டிருக்க, என் வீட்டுச் சாட்சியத்தை வைத்தே இன்னொரு பக்கம் ஊதிக்கொண்டிருந்தார்கள். பல் நர்சுக்கு இதைவிட என்ன கேவலம் வேண்டும்?

டாக்டர் சொன்னபடிதான் நடந்தது. என் வீட்டுக்காரர் பல் ஒவ்வொன்றாகப் போனது. வலி இல்லை, வீக்கம் இல்லை, சத்தம் இல்லை. முறுக்கைக் கடித்தார், பல் முறுக்கோடு வந்துவிட்டது. இன்னொன்றை நாக்கால் ஆட்டி ஆட்டி அவரே விரலால் எடுத்தார். முழுப் பல், வேர் முதல் நுனி வரை ஒரு சொத்தை கிடையாது. அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பாரு, எம்புட்டு நல்ல பல்லு. ஏன் விழுந்துச்சுன்னே தெரியல" என்றார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொல்லி ஓய்ந்துவிட்டேன். மாமியார் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் இருந்திருந்தால் நான் கம்பியை விட்டுக் குத்தியதால்தான் என்று கடைசிவரை சொல்லியிருப்பார்.

ரிட்டயர் ஆகும் வயசு வருவதற்கு முன்னாலேயே இவரால் சோற்றைப் பிசைந்து குழைத்துத்தான் விழுங்க முடிந்தது. கன்னம் ஒட்டிப் பேச்சு குழறியது. விசேஷ வீடுகளுக்குப் போனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்காருவார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது இருந்த கோபமும் போய்விடும். கடைசியில் மிச்சம் ஆடிக்கொண்டிருந்த நாலைந்தையும் டாக்டர் மகன்தான் பிடுங்கினார். பிடுங்கிய புண்ணின் மேலும் புகை பிடித்து, குழி ஆறாமல் வலியில் துடித்தார். ஒரு வழியாக ஆறி, அளவெடுத்து, மேலுக்கும் கீழுக்கும் முழு செட் கட்டினார்கள். சின்ன டாக்டர் அவரிடம், "அய்யா, இதப் போட்டுக்கிட்டுப் புகை பிடிச்சா கறை ஏறிரும், போகாது" என்று சொல்லி அனுப்பினார்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த முதல் வாரம். சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் வாசல் பக்கம் போனார். தீப்பெட்டியை எடுத்தார். பற்றவைப்பார் என்று பார்த்தால் பற்றவைக்கவில்லை. திரும்பி அடுக்களைக்கு வந்தார். வாயில் விரலை விட்டு மேல் செட்டைக் கழற்றினார், கீழ் செட்டைக் கழற்றினார். குழாயில் பதனமாகக் கழுவினார், என் கையில் வைத்தார்.

"செத்த நேரம் வச்சிரு. குடிச்சிட்டு வாரேன்."

"எதுக்குங்க கழட்டுறீங்க?"

பொக்கை வாயோடு என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"கறை புடிச்சிரும்லா! டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல? கெட்டுப்போச்சுன்னா இது என்ன திரும்ப மொளைக்கவா போகுது?"

சொல்லிவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்து பற்றவைத்தார். நான் அவர் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். தொழில் புத்தி போகாதே, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், கீழ்ப் பல்லின் உள்பக்கம். ஒரு பொட்டுக் கறை இல்லை.